மனை வாங்கும் முன் வரைபடத்தைப் பாருங்கள்

வளைகுடாவில் பல வருடம் உழைத்த பணமும் வீட்டுப் பெண்களின் நகையும் சேர்ந்துதான் நம்மில் பலருக்கு அரை கிரவுண்டு மனையாகிறது. தாம்பரத்துக்குள் விலை எட்டாததால் முடிச்சூர், மண்ணிவாக்கம், அகரம்தென் என்று வெளியே தேடுகிறோம். பங்குனி வெயிலில் கட்டாந்தரையாகக் கிடக்கும் இடம் ஐப்பசி மழையில் எப்படி இருக்கும் என்று புரோக்கர் சொல்லமாட்டார்.

சில நாடுகளில், நகரம் எதுவரை வளரலாம் என்று சட்டப்படி ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரம் 1979-ல் அப்படிப் போட்டது. கோட்டுக்கு உள்ளே வீடு, சாலை, குடிநீர். வெளியே விவசாயமும் காடும். உள்ளே இடம் போதவில்லை என்று கணக்குக் காட்டினால்தான் கோட்டைத் தள்ளிவைக்க முடியும். அதனால் வீட்டு விலை ஏறுகிறது என்ற புகாரும் அங்கே உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது.

சென்னைக்கு அப்படி ஒரு கோடு இல்லை. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர்ப் பகுதி, 2022 அக்டோபரில் 5,904 சதுர கிலோமீட்டராக, அரக்கோணம் வரை விரிவாக்கப்பட்டது. இது திட்டமிடுவதற்கான எல்லைதான். இதற்குள் எங்கும் வீடு கட்டலாம் என்று அர்த்தமில்லை. ‘சி.எம்.டி.ஏ. எல்லைக்குள்’ என்று நோட்டீஸில் போட்டிருந்தால், அனுமதி பெற்ற மனை என்று நினைத்துவிடாதீர்கள்.

நம் ஊரில் அந்தக் கோட்டின் வேலையை ஓரளவு செய்வது நிலப் பயன்பாட்டு வரைபடம். 2008-ல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டம், பழைய எல்லைக்குள் இருக்கும் நிலங்களைக் குடியிருப்பு, தொழில், விவசாயம் என்று பிரித்து வைத்திருக்கிறது. விவசாயம் என்று குறித்த இடத்தில் லேஅவுட் போட, முதலில் பயன்பாட்டு மாற்றம் வாங்க வேண்டும். பஞ்சாயத்துத் தலைவரின் கையெழுத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது.

இதெல்லாம் வெறும் காகித விஷயம் என்று நினைப்பவர்கள் தண்ணீரின் வழியைப் பார்க்கட்டும். சேலையூர், சிட்லபாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்கு வருகிறது. அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைச் சேர்கிறது. பிறகு ஒக்கியம் மடுவு வழியாகக் கோவளம் பக்கம் கடலுக்குப் போகிறது. இந்த வழியில் எங்கே மண் கொட்டி மேடாக்கினாலும் அதற்கு மேலே இருக்கும் தெரு மூழ்கும்.

மேற்குப் பக்கம் அடையாறு. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்குச் செம்பரம்பாக்கத்தைத்தான் பலரும் குறை சொல்கிறார்கள். ஆனால் அந்த ஏரியின் உபரிநீர் திருநீர்மலைப் பக்கம்தான் ஆற்றில் சேர்கிறது. முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. அங்கே வந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர். அது பரவ இருந்த தாழ்ந்த நிலத்தில்தான் மனை பிரித்திருந்தார்கள்.

பள்ளிக்கரணை 2022-ல் ராம்சர் தலமானது. 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், ஆய்வு முடியும்வரை அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் கட்டுமான அனுமதி தரக்கூடாது என்றது. பட்டா சரியாக இருந்தும் வீடு கட்ட முடியாமல் நின்ற குடும்பங்கள் உண்டு. கோட்டை முன்கூட்டியே போடாமல் தாமதமாகப் போட்டால், அந்தச் சுமை கடைசியாக வாங்கியவர் தலையில்தான் விழுகிறது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் சர்வே எண்ணை வாங்குங்கள். சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் நிலப் பயன்பாட்டையும், தமிழ்நிலம் இணையதளத்தில் பட்டா, அ-பதிவேடு, புலப்படத்தையும் பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் விட்டுவிடுங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் அரசு வழி செய்தது உண்மைதான். நீர்நிலைக்கு அதிலும் இடமில்லை. வில்லங்கச் சான்று மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிலம் தாழ்வா மேடா என்பது அதில் வராது.

ஜமாஅத்துக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. அனுமதியில்லாத லேஅவுட்டில் பூங்காவுக்கே இடம் விடுவதில்லை, கபரஸ்தானுக்கு எங்கே விடுவார்கள்? புதுக் குடியிருப்பில் ஒரு மவுத் என்றால் ஜனாஸாவைப் பழைய ஊருக்குத்தான் தூக்கி வருகிறோம். 2046 வரைக்குமான மூன்றாவது முழுமைத் திட்டத்தை சி.எம்.டி.ஏ. தயாரித்து வருகிறது. இப்படிப்பட்ட திட்டத்தின் வரைவை வெளியிட்டு மக்களின் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் கேட்க வேண்டும் என்பது 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம். கபரஸ்தானுக்கு இடம் கேட்க வேண்டிய நேரம் அதுதான். வரைவு வந்ததும் நம் பகுதி வரைபடத்தை ஜும்ஆவுக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்தில் பார்வைக்கு வைப்போம், இன்ஷா அல்லாஹ். மனைப் பத்திரம் வைத்திருப்பவர்கள் சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.