குடியானவரும் ஆறுபுள்ளி வண்டும்

குன்றைக் குடைந்து அமைத்த நரசிம்மர் ஆலயத்தால் பெயர் பெற்றது செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த சிங்கப்பெருமாள் கோவில். இவ்வூர்ப் பக்கத்தில் ஏரிப் பாசன வயல்களுக்கு அப்பால் கல்லும் முட்புதரும் நிறைந்த மேட்டு நிலங்கள் உள. தென்னிந்தியாவில் இத்தகைய வறண்ட நிலங்களில் வாழும் ஜந்துக்களுள் ஒன்று ஆறுபுள்ளி வண்டு. விஷ ஜந்து என்று அஞ்சி இதனைக் கண்டவுடன் நசுக்கிவிடுவது சரியன்று.

இவ்வண்டு ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று அதிகமான நீளமுடையது. நிறம் கறுப்பு. கழுத்துப் பாகத்தில் இரண்டும் முதுகில் நான்குமாக ஆறு வெண்புள்ளிகள் தெளிவாய்த் தெரியும். 1775-ம் வருஷத்தில் டென்மார்க் தேசத்துப் பண்டிதர் பாப்ரிஷியஸ் இதனை முதன்முதலில் சாஸ்திர முறைப்படி வருணித்தார். உலகத்திலுள்ள ஏறக்குறைய 40,000 வகைத் தரைவண்டுகளுள் இதுவும் ஒன்றாகும்.

இதற்குப் பறக்கும் சக்தி இல்லை. நீண்ட கால்களால் வேகமாய் ஓடி, வெட்டுக்கிளி, புழு முதலியவற்றை வலிய தாடைகளால் பற்றித் தின்னும். பயிரின் இலையையோ வேரையோ இது தின்பதில்லை. ஆயினும் இரையில் தீயது நல்லது என்று இது பகுத்தறியாது. ஆதலால் இது ஒன்றே பயிரைக் காத்துவிடும் என்று நம்பியிருத்தல் கூடாது.

தொந்தரவு செய்தால் வயிற்றின் நுனியிலிருந்து பார்மிக் திராவகத்தைப் பீச்சும். சில வகை எறும்புகளின் கடியில் எரிச்சலை உண்டாக்குவதும் இத்திராவகமே. வெண்புள்ளிகள், "அருகில் வராதே" என்று பகை ஜந்துக்களுக்கு விடுக்கும் எச்சரிக்கையாம். திராவகம் தோலில் பட்டால் எரியும். கண்ணில் பட்டால் துன்பம் அதிகம். உடனே சுத்தமான நீரால் கால் மணி நேரம் கழுவி, வைத்தியரிடம் காட்டவேண்டும். குழந்தைகள் இதனைக் கையில் எடுக்காதபடி பார்த்துக்கொள்வது அவசியம். தானே துரத்தி வந்து மனிதரைத் தாக்கும் சுபாவம் இதற்கில்லை.

பறக்க இயலாமையால், புதருக்குத் தீ வைத்தால் இதனால் எளிதில் தப்ப முடியாது; ஓரிடத்தில் அழிந்தால் வேறிடத்திலிருந்து விரைவில் வந்து சேருவதும் கடினம். பூச்சிமருந்தோ தீய பூச்சியுடன் இதனையும் கொல்லும்.

ஆகவே குடியானவர்கள் செய்யத்தக்கவை மூன்று. மேட்டு வரப்புகளிலுள்ள செத்தையைக் கொளுத்தாமல் விடுக. மருந்தைத் தேவையான இடத்தில் மட்டும் தெளிக்க. வண்டு வீட்டுக்குள் வந்துவிட்டால் கொல்லாது, சற்றுத் தூரத்தில் நின்று நீண்ட துடைப்பத்தால் வெளியே தள்ளுக. இவற்றுக்குச் செலவு ஒன்றுமில்லை.