சட்டைப் பையில் வேப், டாஷ்போர்டில் சிகரெட்

"சிகரெட்ட விட்டுட்டேண்ணே, இப்ப வேப் மட்டும்தான்." சுங்கை பூலோ மாமாக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. சொன்னவரின் லாரியில் ஏறிப் பாருங்கள், டாஷ்போர்டில் சிகரெட் பெட்டி கிடக்கும். எழுந்ததும் ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று, நடுவில் எல்லாம் வேப்.

இவர் விடவில்லை, இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறார். 2016-இல் நாடு தழுவிய ஆய்வில், வேப் பிடித்த பெரியவர்களில் 74 விழுக்காட்டினர் சிகரெட்டும் பிடித்தார்கள். 2011-இல் 0.8 விழுக்காடாக இருந்த பெரியவர்களின் வேப் பழக்கம் 2023-இல் 5.8 ஆனது. புகைப்போர் அப்போதும் 19 விழுக்காடு.

சிகரெட்டை அறவே விட்டு வேப்புக்கு மாறியவருக்குப் புகையின் நஞ்சு குறையும், அதை மறுக்கவில்லை. பாதி மாறியவருக்கு அந்தக் கணக்கு செல்லாது. நாளுக்கு 20 சிகரெட் பிடிப்பவருக்கு வரும் கூடுதல் இதயநோய் ஆபத்தில் ஏறக்குறையப் பாதி, ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும் உண்டு. "ஒண்ணு ரெண்டுதானே" என்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

அரசாங்கமும் லேசில் விழித்துக்கொள்ளவில்லை. மில்லிலிட்டருக்கு 40 சென் வரி வசூலிக்க, 2023 ஏப்ரலில் நிக்கோட்டின் திரவத்தை நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். புகைப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் 852 நடப்புக்கு வந்ததோ 2024 அக்டோபர் 1-இல்தான். இடைப்பட்ட 18 மாதங்கள் பள்ளிப் பிள்ளைக்கு விற்றாலும் தடுக்க அந்தச் சட்டம் இல்லை. 2007-இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு விற்கவே கூடாது என்ற விதி அந்தச் சட்டம் நிறைவேறும் முன்பே கைவிடப்பட்டது.

சரி, விட நினைப்பவர் எங்கே போவது? அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானுக்கு. அங்கே புகையை விட உதவும் 'கிளினிக் பெர்ஹெந்தி மெரோக்கோக்' எப்போது நடக்கிறது என்று முகப்பில் கேட்டுத் தேதி வாங்குங்கள். குடிமக்களுக்கு வழக்கமான வெளிநோயாளி கட்டணம் 1 ரிங்கிட். மைகாட், சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், வேப் பாட்டில் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். பாட்டில் எதற்கு? அதில் மில்லிகிராம் எண் இருக்கும். சட்டம் அனுமதிப்பது மில்லிலிட்டருக்கு 35 மில்லிகிராம் வரை. 15 மில்லி பாட்டிலில் அது 525 மில்லிகிராம் நிக்கோட்டின். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்புக்குள் போவது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். லேபிளே இல்லையா? அதை அவர்களிடம் காட்டுங்கள், இனி வாங்காதீர்கள்.

அங்கே ஒரு சிறு கருவியில் ஊதச் சொல்வார்கள். அது மூச்சிலுள்ள கார்பன் மோனாக்சைடைக் காட்டும். வேப் அதை ஏற்றாது, சிகரெட் ஏற்றும். ஆகவே "வேப் மட்டும்தான்" என்று கதைவிட்டால் கருவியே போட்டுக்கொடுத்துவிடும். காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்றும் கேட்பார்கள். அதைப் பார்த்துத்தான் சூயிங்கமா, ஒட்டுப்பட்டையா, மாத்திரையா என்று மருத்துவர் முடிவு செய்வார். எனவே இரண்டையும் சொல்லுங்கள். வேப்பை மறைத்தால் மருந்தின் அளவு தப்பும். மறுபடியும் சொல்கிறேன், இரண்டையும் சொல்லுங்கள். நேரில் போகக் கூச்சமா? சுகாதார அமைச்சின் ஜோம்குவிட் இணையத்தளத்தில் பதியலாம்.

வேப் கருவியில் சிரிம் தர முத்திரை இருந்தால் அது கருவிக்கு மட்டுமே. உள்ளே ஊற்றும் திரவத்துக்கு அது உத்தரவாதம் அல்ல. செயற்கைப் போதைப்பொருள் கலந்த திரவங்களைப் போலீசார் பிடித்திருக்கிறார்கள். இணையத்தில் வேப் விற்பது சட்டப்படி குற்றம். "வாட்சப்ல அனுப்புறேன்" என்பவரிடம் வாங்காதீர்கள்.

உணவகத்தில் வேப் இழுப்பதும் புகைப்பதே, அபராதம் 5,000 ரிங்கிட் வரை. பக்கத்து மேசைக்காரர் இழுத்தால் முணுமுணுத்து என்ன பயன்? கடைப் பெயர், லாட் எண், தாமான், தேதி, நேரம் எழுதி, படத்தோடு மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கோ அமைச்சின் சிஸ்பா புகார் தளத்துக்கோ அனுப்புங்கள். வெறுமனே 'சுங்கை பூலோ' என்று எழுதாதீர்கள். இங்கே ஒரு தெரு தாண்டினால் வேறு அலுவலகத்தின் பகுதியாக இருக்கலாம். முகவரி முழுமையாக இல்லாவிட்டால் "எங்கள் பகுதி இல்லை" என்று தள்ளிவிடுவது அவர்களுக்குச் சுலபம். புகார் எண்ணைக் குறித்துவையுங்கள்.

குழந்தை அந்தத் திரவத்தைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தேசிய நச்சு மையம் 1-800-88-8099. மயக்கம், வலிப்பு, மூச்சுத்திணறல் என்றால் முதலில் 999-ஐ அழையுங்கள். மருத்துவமனைக்குப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.