கேப்டனையே வீட்டுக்கு அனுப்பிய தமிழ் தலைவாஸ்: கோச் மாறும்போது டீமுக்குள் என்னதான் நடக்கும்?

2025 ஆகஸ்ட் 29. வேளாங்கண்ணி மாதா கோயிலில் கொடியேறிய அதே நாளில்தான் விசாகப்பட்டினத்தில் புரோ கபடி லீக்கின் 12-வது சீசனும் தொடங்கியது. முதல் மேட்ச்சே தமிழ் தலைவாஸ் மேட்ச். தெலுங்கு டைட்டன்ஸை 38-35 என்று வீழ்த்தியதும், இந்தத் தடவையாவது கப் நமக்குத்தான் என்று டெல்டா பக்கத்து வாட்ஸ்ஆப் குரூப்களில் ஸ்டேட்டஸ் பறந்தது.

செப்டம்பர் 8-ம் தேதி திருவிழாக் கொடி இறங்கியது. அது இறங்கி ஒரு வாரம் ஆவதற்குள், தலைவாஸின் கேப்டன் டீமிலேயே இல்லை.

கேப்டன் பவன் செராவத்தை ஒழுங்கு நடவடிக்கை காரணமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகவும், மீதி சீசன் முழுக்க அவர் ஆட மாட்டார் என்றும், டீமின் நடத்தை விதிகளின்படியே இந்த முடிவு எடுக்கப்பட்டதாகவும் நிர்வாகம் சமூக வலைதளத்தில் அறிவித்தது. எந்த விதியை மீறினார், எப்போது மீறினார் என்று அந்த அறிவிப்பில் ஒரு வரிகூட இல்லை. பவன் தரப்பில் உடனே மறுப்பு வந்தது. தன் மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டில் கொஞ்சமாவது உண்மை இருந்தால் இனி கபடியே ஆட மாட்டேன் என்று அவர் சொன்னார்.

யார் சொல்வது சரி என்பதை வெளியில் இருந்து தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் இந்த விவகாரம் வெடித்த நேரம் முக்கியம். அது டீமுக்குப் புது கோச் வந்த சீசன்.

யார் இந்த பவன்?

பெங்களூரு புல்ஸ் 6-வது சீசனில் கப் அடித்தபோது அதன் பெரிய ஆயுதம் இவர்தான். 2019-ல் ஹரியானா ஸ்டீலர்ஸுக்கு எதிராக ஒரே மேட்ச்சில் 39 ரெய்டு பாயின்ட் எடுத்தவர். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய டீமுக்கும் கேப்டன்.

தமிழ் தலைவாஸுக்கும் இவருக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 2022-ல், 9-வது சீசனுக்காக 2 கோடியே 26 லட்சம் கொடுத்து இவரை எடுத்தார்கள். அப்போது லீக்கில் அதுதான் அதிகபட்ச விலை. ஆனால் முதல் மேட்ச்சிலேயே முழங்கால் அடிபட்டது, சீசன் முழுக்க ஆடவே இல்லை. அடுத்த வருஷம் தெலுங்கு டைட்டன்ஸ் அவரை 2 கோடியே 60.5 லட்சத்துக்குக் கொத்திக்கொண்டு போனது. 2025 ஏலத்தில் தலைவாஸ் திரும்ப எடுத்தபோது விலை 59.5 லட்சம்தான். விட்டதைப் பிடிக்க வந்தவர் மாதிரிதான் ரசிகர்கள் அவரைப் பார்த்தார்கள். முதல் தடவை காயம், இரண்டாவது தடவை இப்படி.

புது கோச் வந்தால் என்ன மாறும்?

12-வது சீசனுக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்தவர் சஞ்சீவ் பாலியான். 2022-ல் ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸுக்குக் கப் வாங்கிக் கொடுத்தவர். அந்த சீசனில் 296 ரெய்டு பாயின்ட் எடுத்து ஜெய்ப்பூரைத் தூக்கிச் சென்றது அர்ஜுன் தேஷ்வால். அதே அர்ஜுனை 2025 ஏலத்தில் 1 கோடியே 40.5 லட்சம் கொடுத்துத் தலைவாஸ் எடுத்தது.

இப்போது டீம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கோச் புதுசு. அவரோடு ஏற்கெனவே கப் அடித்த ஸ்டார் ஒருவர், கேப்டன் பதவியில் இன்னொரு ஸ்டார். இரண்டு பேருமே ரெய்டர். இதில் தப்பு எதுவும் கிடையாது, எத்தனையோ டீம் இப்படி ஜெயித்திருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட டீமில் யார் சொல்வது கடைசி வார்த்தை என்பதை முதல் நாளே பேசி முடிக்கணும். முடிக்காமல் விட்டால் ஹோட்டல் அறையில், சாப்பாட்டு மேஜையில், பயிற்சி நேரத்தில் அது ஒவ்வொன்றாக முளைக்கும்.

பழைய கோச்சின் பழக்கம் வேற, புது கோச்சின் பழக்கம் வேற. ஒருத்தர் மூத்த வீரருக்குப் பயிற்சியில் சலுகை கொடுப்பார், இன்னொருத்தர் எல்லாருக்கும் ஒரே விசில் என்பார். ஒருத்தர் கேப்டனைக் கேட்டுத்தான் ஏழு பேரை முடிவு செய்வார், இன்னொருத்தர் எழுதி ஒட்டிவிட்டுப் போவார். நேற்று வரை தப்பில்லாமல் இருந்த ஒரு விஷயம் இன்றைக்கு ஒழுங்குமீறலாகத் தெரிவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

கபடியில் இது ஏன் இன்னும் சிக்கல்?

மேட்ச் மொத்தம் 40 நிமிஷம். ஒரு ரெய்டு 30 விநாடி. அடுத்தடுத்து இரண்டு ரெய்டு பாயின்ட் இல்லாமல் போனால் மூன்றாவது 'டூ ஆர் டை' ரெய்டு: பாயின்ட் எடுக்கணும், இல்லையென்றால் அவுட். யார் பாடிப் போவது, கார்னர்காரர் காலைப் பிடிக்கலாமா, பொறுக்கலாமா, ரிவியூ கேட்கலாமா என்று எல்லாமே நொடிக்கணக்கில் முடிவாகும். கோச் கோட்டுக்கு வெளியே நின்று கத்தலாம், டைம் அவுட் எடுக்கலாம். உள்ளே கையைக் கோத்து நிற்கும் ஏழு பேருக்குக் கேப்டன் குரல்தான் கேட்கும். அந்தக் குரலும் வெளியே இருந்து வரும் குரலும் வேற வேற திசையில் இழுத்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். மேட்டின் மேல் நடக்கும் ஒழுங்குமீறலுக்கு நடுவர் இருக்கிறார்: பச்சை அட்டை எச்சரிக்கை, மஞ்சள் அட்டை 2 நிமிஷம் வெளியே, சிவப்பு அட்டை என்றால் அந்த மேட்ச்சே கிடையாது. இது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். மேட்டுக்கு வெளியே நடப்பது முழுக்க முழுக்க டீம் நிர்வாகத்தின் விவகாரம். பவன் விஷயம் இரண்டாவது வகை. அதனால்தான் ரசிகர்களுக்குத் தீர்ப்பு தெரிந்தது, வழக்கு தெரியவில்லை.

நிர்வாகத்தின் இந்த மௌனத்தை நியாயப்படுத்துவது கஷ்டம். ஒரு வீரரின் பெயரோடு 'ஒழுங்கு' என்ற வார்த்தையைச் சேர்த்துவிட்டு விவரம் சொல்லாமல் விட்டால், மீதியை ஊர் வாய் நிரப்பும். உண்மையிலேயே தப்பு நடந்திருந்தால் மற்ற வீரர்களுக்கும் எது எல்லை என்று தெரியாது. நடக்கவில்லை என்றால் ஒரு மனிதரின் பெயர் வீணாகக் கெட்டது.

தலைவாஸுக்கு இது முதல் தடவையா?

கோச் மாற்றம் என்றால் இல்லவே இல்லை. 2017-ல் லீக்குக்குள் வந்த டீம் இது. 2019-ல் சீசன் நடுவிலேயே எடச்சேரி பாஸ்கரன் விலக, ஜே.உதயகுமார் பொறுப்புக்கு வந்தார். 2022-ல் அதே உதயகுமார் சீசன் நடுவில் விலக, அர்ஜுனா விருது பெற்ற முன்னாள் வீரர் அஷன் குமார் வந்தார். 11-வது சீசனில் மறுபடியும் உதயகுமார், கூடவே வியூகப் பயிற்சியாளராகத் தர்மராஜ் சேரலாதன். தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டிக்காரர். 45 வயது தாண்டியும் மேட்டில் நின்றவர், வடமாநில வீரர்களும் 'அண்ணா' என்று கூப்பிட்டவர், 2016-ல் பாட்னா பைரேட்ஸுக்குக் கேப்டனாகக் கப் தூக்கியவர். அந்தக் கூட்டணியும் ஒரே சீசனோடு முடிந்தது. அதற்கடுத்துத்தான் பாலியான்.

இதில் 2022-ஐ மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கோடிகள் கொடுத்து எடுத்த பவன் காயத்தில் வெளியே. ஆரம்பத்தில் தோல்விமேல் தோல்வி. கோச்சும் போய்விட்டார். 2025-ஐவிட மோசமான நிலைமை. ஆனால் அந்த வருஷம்தான் தலைவாஸ் தன் வரலாற்றில் முதன்முறையாக பிளே ஆஃப் போனது. உ.பி. யோதாஸுடன் 36-36 என்று சமன் செய்து, டை பிரேக்கரில் 6-4 என்று ஜெயித்து அரையிறுதி வரை வந்தது. புனேரி பல்தானிடம் 2 பாயின்ட்டில்தான் தோற்றது.

எப்படி முடிந்தது? அஷன் குமார் கையில் இருந்தது பெரும்பாலும் இளம் வீரர்கள். இளைஞரான சாகர் ரதி கேப்டன் ஆனார். முதல் சீசன் ஆடிய நரேந்தர் 243 ரெய்டு பாயின்ட் எடுத்தார். கோச் சொல்வதைக் கேட்கவும் ஆள் இருந்தது, தப்பு செய்தாலும் அடுத்த மேட்ச்சில் ஆடவிடுவார் என்ற நம்பிக்கையும் இருந்தது. தலைமை யார் என்ற கேள்விக்கே அங்கு இடம் இல்லை. பெரிய பெயர் இல்லாததே பலமாகிப்போன கதை அது. அதுக்காக ஸ்டாரே வேண்டாம் என்று ஆகாது. ஜெய்ப்பூர் அதே வருஷம் அர்ஜுனை வைத்துத்தான் கப் அடித்தது.

மற்ற விளையாட்டுகளில்?

கிரிக்கெட்டில் இது பழகிய சண்டை. 2017 ஜூனில் சாம்பியன்ஸ் டிராபி முடிந்த கையோடு அனில் கும்ப்ளே விலகினார். தன் பாணி கேப்டனுக்கு ஒத்துவரவில்லை என்று தெரிவிக்கப்பட்டதை அவரே எழுதினார். அங்கே போனது கோச்.

தமிழ்நாட்டிலும் ஒன்று நடந்தது. 2024 மார்ச்சில் ரஞ்சி அரையிறுதி, எதிரணி மும்பை. டாஸ் ஜெயித்த கேப்டன் சாய் கிஷோர் பேட்டிங் எடுத்தார், டீம் 146-க்குச் சுருண்டது, கடைசியில் இன்னிங்ஸ் தோல்வி. காலை ஒன்பது மணிக்கே மேட்ச் போய்விட்டது என்று கோச் சுலக்‌ஷன் குல்கர்னி பத்திரிகையாளர்களிடமே கேப்டன் முடிவைக் குறை சொன்னார். அறைக்குள் பேச வேண்டியதை மைக் முன்னால் பேசியதாக முன்னாள் வீரர்கள் கண்டித்தார்கள். அடுத்த சீசனில் கோச் இடத்தில் எல்.பாலாஜி. சாய் கிஷோர் கேப்டனாகவே தொடர்ந்தார்.

கிரிக்கெட்டில் கேப்டன் பக்கம் தராசு சாயும். கபடியில் 2025-ல் நிர்வாகம் கோச் பக்கம் நின்றது. ஏலமுறையும் இதற்கு ஒரு காரணம்: வீரர் ஒரு சீசனுக்கோ சில சீசனுக்கோ வருகிறார், கேப்டனுக்கு டீமில் வேர் பிடிக்க நேரமே கிடைப்பதில்லை.

டெல்டாவில் இதை ஏன் இவ்வளவு பேர் பேசினார்கள்?

வேளாங்கண்ணி, நாகை கடற்கரை ஊர்களில் இருந்து மன்னார்குடி பக்கம் வடுவூர் வரைக்கும் கபடி என்பது டிவியில் பார்க்கிற ஆட்டம் மட்டும் இல்லை. அறுப்பு முடிந்த வயலிலும் கோயில் திடலிலும் ராத்திரி லைட் போட்டு ஆடுகிற ஆட்டம். ஊர் டீமில் கேப்டனும் கோச்சும் பெரும்பாலும் ஒரே ஆள். நுழைவுக் கட்டணம் கட்டுவது, வேன் பேசுவது, லேட்டாக வந்தவனை வெளியே உட்கார வைப்பது எல்லாம் அந்த அண்ணன்தான். வெளியே உட்கார வைத்ததற்குக் காரணம் ஊருக்கே தெரிந்திருக்கும். அப்படிப் பழகியவர்களுக்குத்தான், காரணம் சொல்லாமல் கேப்டனை அனுப்பியது உறுத்தியது.

கடைசியில் என்ன ஆச்சு?

பவன் போன பிறகு அர்ஜுன் தேஷ்வால் கேப்டன் ஆனார். ரெய்டில் சுமை முழுக்க அவர் தோளில். எட்டு டீம்களுக்கு பிளே ஆஃப் பக்கம் கதவு திறந்திருந்த சீசன் அது, அதிலும் தலைவாஸ் உள்ளே போகவில்லை. அக்டோபர் 31-ம் தேதி புனேரி பல்தானை 31-28 என்று வீழ்த்தி தபாங் டெல்லி கப் வாங்கியது.

அதே அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியக் கபடி டீம் தங்கம் வென்றது. அந்த டீமில் வடுவூர்ப் பையன் அபினேஷ் இருந்தார். தலைவாஸ் மேட்ச்சைத் திட்டித் தீர்த்த அதே வாட்ஸ்ஆப் குரூப்களில் அன்றைக்கு அவர் போட்டோதான் ஓடியது.