அவை கலைந்தாலும் கலையாத விதிகள்

சட்டமன்றத்தில் யார் எப்போது பேசலாம், அமைச்சரிடம் கேள்வி கேட்க எத்தனை நாளுக்கு முன் அறிவிப்புத் தர வேண்டும், மசோதா எந்தெந்தப் படிகளைக் கடக்க வேண்டும், வாக்கெடுப்பை எவ்வாறு கோரலாம் என்பனவற்றையெல்லாம் வரையறுப்பவை நடைமுறை விதிகள். மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஒருவர் அவைக்குள் என்ன செய்ய முடியும் என்பதை இவ்விதிகளே முடிவு செய்வதால், அவற்றை வகுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதைக் கொண்டே ஒரு மன்றத்தின் தகுதியை அளந்துவிடலாம். அவ்வதிகாரம் அரண்மனையிலிருந்து அவைக்குப் படிப்படியாக வந்து சேர்ந்த வரலாற்றை மைசூரில் தெளிவாகக் காண முடிகிறது.

ஐம்பது ஆண்டுகள் நீடித்த ஆங்கிலேய நிர்வாகம் முடிவுற்று, 1881 மார்ச் 25 அன்று மைசூர் அரசு பத்தாம் சாமராஜ உடையாரிடம் ஒப்படைக்கப்பட்டபோது, செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்து சென்னை மாகாணப் பணியில் தேர்ச்சி பெற்ற சி. வி. ரங்காச்சார்லு திவானாகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று வெளியான அரசாணையின்படி, தசரா விழாவையொட்டி நிலவுடைமையாளர்களும் வணிகர்களும் மைசூருக்கு அழைக்கப்பட்டு, அக்டோபர் 7 அன்று 144 உறுப்பினர்களுடன் பிரஜா பிரதிநிதி சபை முதன்முறையாகக் கூடியது. மன்னராட்சி நிலவிய இந்திய சமஸ்தானங்களில் இத்தகைய சபை அமைந்தது அதுவே முதல் முறை.

அச்சபையின் நடைமுறை மிக எளியது. திவானே தலைமை ஏற்று, கடந்த ஆண்டின் வரவு செலவையும் நடந்தேறிய பணிகளையும் அடுத்து மேற்கொள்ள எண்ணியிருக்கும் பணிகளையும் விளக்கி உரையாற்றுவார். அதன் பிறகு உறுப்பினர்கள் தத்தம் பகுதியின் குறைகளையும் தேவைகளையும் முறையிடுவார்கள். வாக்கெடுப்பு கிடையாது, சபை எப்போது கூட வேண்டும், யார் யாரை அழைக்க வேண்டும், எதைப் பற்றிப் பேசலாம் என்பவை அனைத்தும் அரசாணைக்கு உட்பட்டவை. ஆயினும், ஆட்சியின் கணக்கை ஆளப்படுவோர் முன்னிலையில் ஆண்டுதோறும் சொல்லியாக வேண்டும் என்ற வழக்கம் அங்கே வேரூன்றியது. பிற்கால விதிகள் பலவும் அந்த வழக்கத்தின் மேல் எழுந்தவையே.

திவான் கே. சேஷாத்ரி ஐயர் காலத்தில், 1891இல், சபைக்குத் தேர்தல் முறை வந்தது. சொத்தும் கல்வியும் உடைய சிலருக்கே வாக்குரிமை இருந்தது. 1907இல் சட்டம் இயற்றுவதில் துணைபுரியும் சட்ட மேலவை தனியாக அமைக்கப்பட்டது. கேள்வி கேட்கவும், வரவு செலவுத் திட்டத்தை விவாதிக்கவும், தீர்மானம் கொண்டுவரவும் உறுப்பினர்களுக்கு உரிமைகள் ஒன்றன்பின் ஒன்றாக வழங்கப்பட்டன. அறிஞர் பிரஜேந்திரநாத் சீல் தலைமையிலான குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து 1923இல் இயற்றப்பட்ட சட்டத்தால் பிரதிநிதி சபை அரசாணையின் தயவைச் சார்ந்திராமல் சட்ட அடிப்படை பெற்றது. புதிய வரிகளைப் பற்றியும் மசோதாக்களின் பொதுக் கொள்கைகளைப் பற்றியும் அச்சபையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்றாயிற்று. ஐம்பது உறுப்பினர் கொண்ட மேலவைக்கு மானியக் கோரிக்கைகள் மீது, அதாவது துறைதோறும் அரசு கேட்கும் செலவுத் தொகைகள் மீது, வாக்களிக்கும் உரிமை கிடைத்தது. எனினும் இவை யாவும் அரசர் அளித்த உரிமைகளாகவே இருந்தன.

இந்நிலையை மாற்றியது இந்திய அரசியலமைப்பு. அதன் 208ஆம் பிரிவு, மாநிலச் சட்டமன்றத்தின் ஒவ்வோர் அவையும் தன் நடைமுறையையும் அலுவல்களையும் ஒழுங்குபடுத்தத் தானே விதிகளை வகுத்துக்கொள்ளலாம் என்கிறது. அவ்வாறு வகுக்கும் வரை பழைய மன்றத்தின் விதிகளே, பேரவைத் தலைவர் செய்யும் மாற்றங்களுடன், நடைமுறையில் இருக்கும் என்றும் அப்பிரிவு வழிசெய்தது. வயது வந்தோர் அனைவரும் வாக்களித்து அமைத்த மைசூர் சட்டப்பேரவை 1952 ஜூன் 18 அன்று பெங்களூரில் கூடியபோது முதல் அலுவல்களுள் ஒன்றாகத் தன் தலைவரைத் தேர்ந்தெடுத்தது. எச். சித்தையாவும் சோசலிசத் தலைவர் சாந்தவேரி கோபால கௌடாவும் போட்டியிட்டதில், 74 வாக்குகள் பெற்றுச் சித்தையா வென்றார். திவான் பதவியின் வழியே தலைமை ஏற்றுவந்த இருக்கையில் யார் அமர்வது என்பதை உறுப்பினர்களின் வாக்கு முடிவு செய்தது.

புதிய பேரவை ஒவ்வொன்றும் இன்றும் அதே வரிசையில்தான் தொடங்குகிறது. 2023 மே மாதத் தேர்தலுக்குப் பின், மைசூர்ப் பேரவையின் வழிவந்த, 224 உறுப்பினர் கொண்ட கர்நாடகப் பேரவை மே 22 அன்று கூடியபோது, மூத்த உறுப்பினர் ஆர். வி. தேஷ்பாண்டே தற்காலிகத் தலைவராக இருந்து உறுப்பினர்களுக்கு உறுதிமொழி செய்துவைத்தார். மே 24 அன்று யு. டி. காதர் போட்டியின்றிப் பேரவைத் தலைவரானார். உறுதிமொழியும் தலைவர் தேர்தலும் நடந்த அந்த மூன்று நாட்களும் முந்தைய பேரவைகள் விட்டுச்சென்ற விதிகளின்படியே நடந்தன. பேரவை கலைந்தாலும் அதன் விதிகள் கலைவதில்லை. புதிய பேரவை மாற்றும் வரை அவை தொடரும்.

உலகில் எங்கும் இவ்வாறே இருப்பதில்லை. அமெரிக்கப் பிரதிநிதிகள் அவை இரண்டாண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கூடும்போது, தன் விதிகளை வாக்கெடுப்பின் மூலம் புதிதாக ஏற்றுக்கொள்கிறது. பெரும்பான்மை பெற்ற கட்சி தனக்கு ஏற்ற மாற்றங்களை அப்போதே சேர்த்துவிட முடியும். இந்திய முறையில் மாற்றம் மெதுவாகவே வருகிறது. மக்களவையை எடுத்துக்கொண்டால், அவைத் தலைவரே தலைமை வகிக்கும் விதிகள் குழு தன் பரிந்துரைகளை அவையின் முன் வைக்கும். ஏழு நாட்களுக்குள் எந்த உறுப்பினரும் திருத்தம் கோரி அறிவிப்புத் தராவிட்டால், அவை அவற்றை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். இம்முறை நிலைத்தன்மையைக் காக்கிறது. ஆனால் அந்த ஏழு நாட்களில் அறிக்கையைப் படிக்காத உறுப்பினர், தம் உரிமையைக் குறைக்கும் மாற்றத்துக்கும் மௌனத்தாலேயே ஒப்புதல் அளித்தவராகிவிடுவார்.

விதி வகுக்கும் இவ்வதிகாரத்துக்கும் எல்லை உண்டு. கூட்டம் நடக்கத் தேவையான குறைந்த அளவு வருகையைப் பத்து உறுப்பினர் அல்லது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, இவற்றுள் எது அதிகமோ அது என்று அரசியலமைப்பே நிர்ணயித்துள்ளது. கர்நாடகத்தில் அது 23 பேர். கன்னடத்திலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ தம் கருத்தைப் போதிய அளவு எடுத்துரைக்க இயலாத உறுப்பினரை, அவர் தாய்மொழியில் பேசப் பேரவைத் தலைவர் அனுமதிக்கலாம் என்பதும் அரசியலமைப்பு தந்திருக்கும் பாதுகாப்பே. மறுபுறம், நடைமுறையில் குறை நேர்ந்தது என்ற காரணத்துக்காக மட்டும் பேரவையின் நடவடிக்கையை நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்க முடியாது என்று 212ஆம் பிரிவு தடுப்பதால், விதிகளைக் காக்கும் பொறுப்பு பெருமளவு உறுப்பினர்கள் மேலேயே விழுகிறது.

1881இல் மைசூருக்கு வந்த 144 பேருக்கு முறையிடும் வாய்ப்பு இருந்தது. முறையிடும் விதத்தை வகுக்கும் அதிகாரம் இல்லை. இன்றைய 224 பேரிடம் அவ்வதிகாரம் இருக்கிறது. தொகுதிக்கு வரும் உறுப்பினரிடம் சாலையையும் குடிநீரையும் பற்றிக் கேட்கும் வாக்காளர்கள், அவற்றுக்காக அவர் எந்த விதியின் கீழ் எத்தனை கேள்விகள் எழுப்பினார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.