வாங்குறதா, நாமே செய்றதா? – வீட்டுக்கு ஒரு தகவல் குதிர்

போன ஆடி மாசம் எங்க அப்பத்தா இறந்துட்டாங்க. அதுக்கு முந்தின பொங்கலுக்கு அவங்க பாடின கும்மிப்பாட்டும் தாலாட்டுமா பதினோரு பாட்டை நான் பதிவு செஞ்சு வச்சிருந்தேன். அலைபேசியில இடம் இல்லைன்னு எல்லாத்தையும் ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்குக்கு மாத்திட்டு, அலைபேசியில அழிச்சிட்டேன். ஒரு நாள் அந்த டிஸ்க் மேசையிலேருந்து விழுந்தது. அப்புறம் சொருகினா ‘டக் டக்’னு சத்தம் மட்டும்தான்.

அன்னிக்கு ராத்திரி சிங்கப்பூர்ல இருக்கிற சித்தப்பா போன் பண்ணி, “வீட்டுக்கு ஒரு நாஸ் பெட்டி வாங்கிப் போடுவோம்டா” என்றார். பாலிடெக்னிக் படிக்கிற அத்தான் பக்கத்துல இருந்தார். “காசை ஏன் கொட்டணும்? நானே செஞ்சு தர்றேன் மாமா” என்றார். ஒரு வாரம் வீட்ல இதே பேச்சுதான். அந்த ஒரு வாரத்துல நான் தெரிஞ்சுகிட்டதைத்தான் இங்கே எழுதுறேன்.

முதல்ல, நாஸ் என்றால் என்ன? நெல் கொட்டி வைக்கிற குதிர் தெரியும்ல, அது மாதிரி. வீட்டு வைஃபையில எப்பவும் இணைஞ்சிருக்கிற ஒரு சின்னக் கணினி, அதுக்குள்ள ஒண்ணோ ரெண்டோ டிஸ்க். அம்மா, அக்கா, நான் எல்லாரும் அவங்கவங்க அலைபேசியிலேருந்தே படங்களை அதுல போடலாம், எடுக்கலாம். கடையில வாங்கினாலும் சரி, நாமே செஞ்சாலும் சரி, உள்ளே நடக்கிற வேலை ஒண்ணுதான்.

கடையில சினாலஜி, க்யூநாப் மாதிரி கம்பெனிப் பெட்டிகள் கிடைக்கும். ஒரு விஷயம் பல பேருக்குத் தெரியாது: பெரும்பாலும் பெட்டி காலியாத்தான் வரும்! டிஸ்க்கைத் தனியா வாங்கணும். டிஸ்க் செலவு ரெண்டு வழியிலயும் உண்டு. அதனால உண்மையில மிச்சமாகிறது பெட்டியோட விலை மட்டும்தான். அத்தானுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்.

அத்தான் முதல்ல காட்டினது அவர் வீட்டுப் பழைய டெஸ்க்டாப். நான் கணக்குப் போட்டேன். அது சும்மா ஓடினாலே 60 வாட்டுன்னு வச்சுக்குவோம். ஒரு நாளைக்கு 1.44 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 86 யூனிட்! கரண்ட் பில்லுல முதல் 100 யூனிட் இலவசம்னு 2016-ல ஆரம்பிச்சாங்களே, அந்த 100-ல பெரும்பகுதியை இதுவே தின்னுடும். சின்னப் பெட்டி 15 வாட் எடுத்தா, அதே ரெண்டு மாசத்துக்கு 22 யூனிட் கூட வராது. அம்மா உடனே டெஸ்க்டாப்பை வேண்டாம்னுட்டாங்க.

அடுத்து, அக்கா பள்ளியில படிச்சப்போ கிடைச்ச அரசு மடிக்கணினி. (அந்தத் திட்டம் 2011-ல ஆரம்பிச்சது. உங்க வீட்டு அலமாரியிலயும் ஒண்ணு தூங்கிட்டு இருக்கலாம்!) இதுக்குக் கரண்ட் குறைவு. பேட்டரி நல்லா இருந்தா, கரண்ட் போனாலும் உடனே அணையாது. இதுல போட இலவச மென்பொருள் இருக்கு. ட்ரூநாஸ் நல்லதுதான், ஆனா அதுக்குக் குறைஞ்சது 8 ஜிபி ராம் வேணும். எங்களோடதுல 2 ஜிபிதான். டெபியன் லினக்ஸ் மேல ஓடுற ஓப்பன்மீடியாவால்ட் போதும்னு அத்தான் அதைப் போட்டார். ரெண்டு ராத்திரி ஆச்சு. ஓடுச்சு! ஆனா மடிக்கணினிக்குள்ள ஒரு டிஸ்க்குக்குத்தான் இடம். இன்னொண்ணை யுஎஸ்பி ஒயர்ல மாட்டினோம். அம்மா கூட்டும்போது துடைப்பம் பட்டு ஒயர் கழண்டுடுச்சு. அத்தான் ஊர்ல இல்லை. எனக்குச் சரி பண்ணத் தெரியலை.

அங்கேதான் எனக்கு யோசனை வந்தது. ரெண்டு வருஷத்துல நான் ஹாஸ்டலுக்குப் போயிடுவேன். அப்புறம் இதை யார் பார்த்துக்கறது? அம்மாதான். அதனால வாங்கிடலாம்னு நான் சொன்னேன்.

கம்பெனிப் பெட்டின்னா கவலையே இல்லைன்னு நினைக்காதீங்க. வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனி ‘மை புக் லைவ்’னு ஒண்ணு வித்தாங்க. 2015-க்கு அப்புறம் அதுக்கு மென்பொருள் அப்டேட் தர்றதை நிறுத்திட்டாங்க. 2021 ஜூன்ல இணையம் வழியா யாரோ நுழைஞ்சு, உலகம் முழுக்கப் பல பேரோட பெட்டியைச் சுத்தமா அழிச்சிட்டாங்க! சினாலஜியும் 2025-ல வந்த சில மாடல்கள்ல எங்க டிஸ்க்கைத்தான் போடணும்னு கட்டுப்பாடு வச்சு, ஆட்கள் சத்தம் போட்டதும் அதே வருஷம் தளர்த்திடுச்சு. அதனால வாங்குறவங்க விலையைக் கேக்குறதோட, எத்தனை வருஷத்துக்கு அப்டேட் தருவீங்கன்னும் கேளுங்க. வெளியூர்லேருந்து பார்க்கிற வசதி தேவையில்லைன்னா அதை அணைச்சே வைங்க.

இன்னொரு தப்பு நினைப்பு. ரெண்டு டிஸ்க் போட்டு ‘ரெய்டு 1’ வச்சா, ரெண்டுலயும் ஒரே தகவல் எழுதப்படும். (4 டிபி ரெண்டு போட்டா 8 கிடைக்காது, 4-தான்.) ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு காப்பாத்தும். ஆனா நீங்க தவறுதலா ஒரு படத்தை அழிச்சா? ரெண்டுலயும் அழிஞ்சுடும்! இதுக்கு நம்ம ஊர்லயே உதாரணம் இருக்கு. குடுமியான்மலையில ஏழாம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு இருக்குல்ல, அந்த மாதிரி ஒண்ணு நம்ம கோட்டை மலை அடியில இருக்கிற சத்தியகிரீஸ்வரர் குடைவரையிலயும் இருந்தது. அதைச் சிதைச்சு, அதே பாறையில பிற்காலத்துல வேற கல்வெட்டை வெட்டிட்டாங்க. இப்போ மிஞ்சியிருக்கிறது சில சொற்கள்தான். பாறையே ஆனாலும் மேல எழுதிட்டா போச்சு. வேற இடத்துல பிரதி இருந்தாத்தான் உண்டு.

இதுக்கு ‘3-2-1’னு ஒரு கணக்குச் சொல்றாங்க: மூணு பிரதி, ரெண்டு வகைக் கருவியில, ஒண்ணு வேற இடத்துல. கடைசியில நாங்க அதைத்தான் செஞ்சோம். சித்தப்பா ரெண்டு டிஸ்க் பெட்டி வாங்கித் தந்தார். அத்தானோட மடிக்கணினியும் வீணாகலை. ஞாயித்துக்கிழமை மட்டும் அதை ஆன் பண்ணி ஒரு பிரதி எடுத்துட்டு அணைச்சிடுவோம். மூணாவது பிரதி ஒரு ஹார்டு டிஸ்க்குல, புதுக்கோட்டை அத்தை வீட்டு பீரோவுல இருக்கு.

அந்த அத்தையோட அலைபேசியில்தான் அப்பத்தா பாட்டு ஒண்ணு கிடைச்சது. நான் எப்பவோ அனுப்பியிருந்த தாலாட்டு. இப்போ அது மூணு இடத்துல இருக்கு. மத்த பத்துப் பாட்டு இல்லை.

உங்க வீட்ல இந்த மாதிரி பதிவு இருந்தா, மதிய இடைவேளையில கணினி அறைப் பக்கம் வாங்க. என்ன டிஸ்க், எத்தனை வாட், கரண்ட் எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

– 11-ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு