கறள் தின்ற சட்டமும் அது சுமக்கும் உயிர்களும்

ஹெவ்லொக் டவுன் என்றதும் பெரிய வீடுகளும் மரநிழல் வீதிகளுமே பலருக்கு நினைவில் வரும். 1890 முதல் 1895 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த சேர் ஆதர் ஹெவ்லொக்கின் பெயரைக் கொண்ட இந்தப் பகுதியின் ஒழுங்கைகளில், பழைய வாகனங்களைத் திருத்தும் சிறிய கராஜ்களும் உண்டு. அங்கிருந்து வெள்ளவத்தைக் கடற்கரை அதிக தூரமில்லை. கடற்காற்றோடு உப்பும் வருகிறது. உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு கறள் பிடிப்பது விரைவாகிறது. ஆகவே கறளோடு போராடுவது அங்குள்ள பாஸ்மாருக்கு அன்றாட வேலை.

கொழும்புக் கராஜில் நடக்கும் வேலைக்கும் இடம்பெயர்ந்த விவசாயிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. 2009 இல் வன்னியிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் முள்ளிவாய்க்கால் கரையோரத்தில் விட்டுவந்த உழவு இயந்திரங்களும் லொறிகளும் ஆண்டுக்கணக்காக வெயிலிலும் உப்புக்காற்றிலும் கிடந்து கறள் பிடித்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இன் பொருளாதார நெருக்கடி வந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களை மீண்டும் இறக்குமதி செய்ய அனுமதி கிடைத்தபோதும், புதிய வாகனம் நம்மவர் கைக்கு எட்டும் விலையில் இல்லை. விதைநெல்லையும் பசளையையும் தண்ணீர்ப் பம்பியையும், சில வேளைகளில் நோயாளியையும் பள்ளிப் பிள்ளைகளையும் பழைய ஜீப்புகளே ஏற்றிச் செல்கின்றன. அவற்றின் அடிச்சட்டம் உறுதியாக இருக்கிறதா என்பது உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்வியாகும்.

தட்டுப்பாட்டில் பிறந்த வாகனம்

நமது நாட்டில் நெடுங்காலம் உழைத்த வாகனங்களுள் லாண்ட் றோவரும் ஒன்று. 1948 ஏப்ரல் 30 ஆம் திகதி ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் அது முதன்முதலாகக் காட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் உருக்குத் தட்டுப்பாடு நிலவியதால் அதன் பொடியை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள். அடிச்சட்டத்தை, அதாவது செஸியை, உருக்குத் தகடுகளைப் பெட்டி வடிவில் ஒட்டிச் செய்தார்கள். கமக்காரனுக்கு உதவும் வாகனமாகவே அது கருதப்பட்டது. டார்ஜிலிங் மாவட்டத்தில் மனேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீற்றர் உயரத்திலுள்ள சண்டக்புவுக்குச் செல்லும் கற்பாதையில் 1950களின் லாண்ட் றோவர்கள் பல பத்தாண்டுகளாக ஆட்களை ஏற்றி ஓடின. அவற்றை அவ்வளவு காலம் ஓட வைத்தவர்கள் உள்ளூர்த் தொழிலாளர்களே.

நமக்கும் அந்த அனுபவம் உண்டு. 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்தபோது, காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை இயக்கி, பின் மண்ணெண்ணெயில் கார்களை ஓட்டியவர்கள் நம் மக்கள். இயந்திரத்தைக் காப்பாற்றிய அந்தத் திறமை சட்டத்தைக் காப்பாற்றவும் வேண்டும்.

கறள் எங்கே ஒளிந்திருக்கும்?

அலுமினியப் பொடி கறள் பிடிப்பதில்லை என்பதால் வாகனம் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் அலுமினியமும் உருக்கும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் பட்டால் மின்வேதி மாற்றம் நிகழ்ந்து, அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். பொடிக்கும் சட்டத்துக்கும் இடையில் இதனைக் காணலாம்.

செஸியின் பெட்டிச் சட்டம் உள்ளே வெறுமையானது. சேறும் நீரும் உள்ளே போய்த் தங்கினால் கறள் உள்ளிருந்து வெளியே தின்றுவரும். வெளியே புள்ளியாகத் தெரியும்போது உள்ளே தகடு காகிதம்போல் மெலிந்திருக்கும். பின்புறக் குறுக்குச் சட்டம், பொடியைத் தாங்கப் பக்கவாட்டில் நீட்டிய கைகள், வில்லுத் தகடுகள் பொருந்தும் இடங்கள், முன் சுவரின் கால்கள் ஆகியன முதலில் பழுதடையும். பசளை ஏற்றும் வாகனங்களில் நிலைமை இன்னும் மோசம். பொட்டாஷ் பசளை ஒருவகைக் குளோரைட் உப்பு. சிந்திய பசளை ஈரத்தோடு மூலைகளில் தங்கினால் கடற்கரையில் நிற்கும் வாகனத்துக்கு நேர்வதே வயற்கரையில் நிற்கும் வாகனத்துக்கும் நேரும்.

சோதிப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. ஒரு சிறு சுத்தியலும் பழைய திருப்புளியும் போதும். சட்டத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உளுத்த இடம் மந்தமாக ஒலிக்கும். அங்கே திருப்புளியை அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும்.

ஹெவ்லொக் டவுன் கராஜ் ஒன்றில் நான் பார்த்த லாண்ட் றோவர், விவசாயக் குடும்பங்கள் சில சேர்ந்து பணம் போட்டு வாங்கியது. அடிப்பக்கம் புதிதாகக் கறுப்பு வர்ணம் பூசப்பட்டு அழகாக இருந்தது. பாஸ் சுத்தியலால் தட்டியதும் பட்டியும் பைபர் துணியும் உடைந்து விழுந்தன. உள்ளே கைவிரல்கள் நுழையும் ஓட்டை. விற்றவர் கறளை வெட்டி எடுக்காமல் மூடி மறைத்திருந்தார். அந்தக் குடும்பங்களின் ஒரு போகத்து வருமானம் அந்த வர்ணத்துக்குள் போயிருந்தது.

ஒட்டு வேலையின் ஒழுங்கு

முதலில் வாகனத்தைச் சமதரையில் உறுதியான தாங்கிகளில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. பற்றரியைக் கழற்றி, பெற்றோல் தாங்கியை இறக்கி, பிறேக் குழாய்களையும் வயர்களையும் விலக்கிய பின்னரே ஒட்டுத் தீயைக் கொண்டுவர வேண்டும். தண்ணீர் வாளியும் மணலும் பக்கத்தில் இருக்கட்டும்.

வெட்டுவதற்கு முன் சட்டத்தின் மூலைக்கு மூலை குறுக்காக அளந்து எழுதி வையுங்கள். இரு குறுக்களவுகளும் ஒத்திருந்தால் சட்டம் நேராக உள்ளது. வேலை முடிந்தபின்னும் அதே அளவுகள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாகனம் ஒரு பக்கம் இழுக்கும், ரயர் தேயும், கதவுகள் பூட்டாது.

கறளின் மேல் தகட்டை வைத்து ஒட்டுவது வேலையாகாது. நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, அதே தடிப்புள்ள தகட்டால் நிரப்ப வேண்டும். லாண்ட் றோவர் சட்டத் தகடு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தடிப்பானது. மெல்லிய கூரைத் தகட்டை அங்கே ஒட்டினால் அது பாரத்தைத் தாங்காது. பிரதான சட்டத்தில் ஒட்டுக்கோடு நேர்குறுக்காக இருந்தால் பாரமெல்லாம் அந்த ஒரே கோட்டில் விழுந்து வெடிக்கும். எனவே மேலே வைக்கும் தகட்டின் முனைகளைச் சாய்வாக வெட்ட வேண்டும். ஒரே மூச்சில் நீளமாக ஒட்டினால் சூட்டில் சட்டம் வளையும். இங்கொன்றும் அங்கொன்றுமாக, ஆறவிட்டு ஒட்டுவதே முறை.

நாகம் பூசிய இரும்பை ஒட்டும்போது எழும் வெண்புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். நாகப் பூச்சை அகற்றிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் ஒட்ட வேண்டும்.

ஒட்டி முடிந்ததும் துப்புரவாக்கி, நாகம் கலந்த அடிப்பூச்சும் அதன்மேல் வர்ணமும் பூசுங்கள். பெட்டிச் சட்டத்தின் உட்புறத்துக்கு மெழுகோ எண்ணெயோ பீச்ச வேண்டும். நீர் வடியும் துவாரங்களை அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் செய்த வேலையெல்லாம் வீண்.

பொடியைத் தாங்கும் றப்பர்கள்

லாண்ட் குறூசர், ஹைலக்ஸ் போன்ற வாகனங்களில் பொடிக்கும் சட்டத்துக்கும் இடையே தடித்த றப்பர்கள் இருக்கும். அவை குலுக்கலைத் தணிப்பவை. றப்பர் நைந்தாலோ அதைத் தாங்கும் இரும்புக் கிண்ணம் கறள் பிடித்தாலோ பொடி ஒரு பக்கம் சாயும். பள்ளத்தில் இறங்கும்போது "டக் டக்" என்ற சத்தம் வரும். மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே போல்ற்றுகளில் கறள் இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். பின்னர் ஒரு பக்கத்துப் போல்ற்றுகளைக் கழற்றி, மறுபக்கத்தைச் சற்றுத் தளர்த்தி, பொடியின் கீழ் அகலமான பலகை வைத்து ஜாக்கியால் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். அப்போது ஸ்டியரிங் தண்டு, ரேடியேற்றர் குழாய், பிறேக் குழாய், கியர்த்தடி எதுவும் இழுபடாமல் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். றப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே பொடியையும் சட்டத்தையும் இணைக்கும் ஏர்த் வயரைத் திரும்பப் பூட்டுவது அவசியம். அதை மறந்தால் விளக்குகள் மங்கும்.

எப்போது கைவிடுவது?

பக்கவாட்டுக் கை ஒன்றோ பின்குறுக்குச் சட்டமோ உளுத்திருந்தால் மாற்றிப் போடலாம். பிரதான சட்டங்கள் பல இடங்களில் உளுத்து, ஸ்டியரிங் பெட்டியும் வில்லும் பொருந்தும் இடங்களும் போயிருந்தால், அந்தச் சட்டத்துக்கு மேலும் பணம் போடுவது அறிவுடைமையாகாது. வேறு சட்டம் போட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செஸி இலக்கம் பதிவுப் புத்தகத்தில் உள்ளது. அந்த இலக்கம் பொறித்த பகுதியை வெட்டுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரியுங்கள். இடப்பெயர்வில் பத்திரங்களை இழந்த குடும்பங்களுக்கு இது மிக முக்கியம்.

பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகம் வாங்கப் போகிறவர்களும், ஊரில் பழைய ஜீப் வாங்கப் போகிறவர்களும் வர்ணத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சுத்தியலோடு போங்கள். தட்டிப் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள். புதிதாகப் பூசிய அடிப்பக்கத்தைக் கண்டால் இரண்டு மடங்கு தட்டுங்கள்.

நாலைந்து குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு ஒட்டு இயந்திரமும் ஒரு கிறைண்டரும் வாங்கலாம். ஊர் இளைஞர் இருவரை நல்ல பாஸ் ஒருவரிடம் சில மாதம் விட்டுப் பழக்கலாம். உழவு இயந்திரத்தின் பெட்டிக்கும் கலப்பைக்கும் அதே கைத்திறன் பயன்படும். மாரி தொடங்குமுன் ஒரு முறையும் அறுவடை முடிந்ததும் ஒரு முறையும் வாகனத்தின் அடியை நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டு, தட்டிப் பார்த்து, வர்ணம் உரிந்த இடத்தில் பூசிவிடுங்கள். இது அரை நாள் வேலை. அதைச் செய்யும்வரை அந்த வாகனத்தின் பின்னால் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.