அண்ணா பல்கலைக்கழகம்: நான்கு கல்விக்கூடங்கள் கூடிய வரலாறு

"அண்ணா யுனிவர்சிட்டி" என்று நாம் ஒரே பேராகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பேருக்குள் நான்கு கல்விக்கூடங்கள் அடங்கியிருப்பதை, வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளில் பலர் அறியார்.

முதலாவது, கிண்டிப் பொறியியற் கல்லூரி. நிலம் அளக்க ஆள் வேண்டும் என்பதற்காக, 1794ல் கம்பெனி ஆட்சியில் மைக்கேல் டாப்பிங் என்பவர் முயற்சியால் எட்டு மாணவர்களோடு தொடங்கிய சர்வே பள்ளி அது. 1859ல் கல்லூரியாகி, 1920ல் கிண்டிக்கு வந்து சேர்ந்தது.

இரண்டாவது, 1944ல் வள்ளல் அழகப்பச் செட்டியார் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 5 லட்ச ரூபாய் கொடுத்ததால் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரி. மூன்றாவது, தொழிலதிபர் சி. ராஜம் தம் மாளிகையையே விற்று 1949ல் குரோம்பேட்டையில் நிறுவிய எம்.ஐ.டி. நான்காவது, 1957ல் தோன்றிய கட்டடக்கலைப் பள்ளி.

இவற்றில் எம்.ஐ.டி. மட்டும் எந்தப் பல்கலைக்கழகத்திலும் சேராமல் தனித்து நின்றது. பி.எஸ்ஸி. முடித்தவர்களைச் சேர்த்து மூன்று வருஷம் படிக்க வைத்தாலும், கையில் கொடுத்தது டிப்ளமோதான். அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தது அங்கேதான். மற்ற மூன்றும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ், கலைக் கல்லூரிகளோடு கல்லூரியாக இருந்தன.

எம்.ஜி.ஆர். ஆட்சியில், 4-9-1978 அன்று இந்நான்கும் ஒன்றாயின. முதலில் வைத்த பெயர் பேரறிஞர் அண்ணா தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம். 1982ல் அது அண்ணா பல்கலைக்கழகம் என்று சுருங்கியது. இணைப்பால் தொழிற்கல்விக்கென்று தனிப் பல்கலைக்கழகம் அமைந்தது, எம்.ஐ.டி. மாணவருக்கும் பட்டம் கிடைத்தது.

2001ல் மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகள் பலவும் இதன் கீழ் வந்தன. பிறகு இது பல பல்கலைக்கழகங்களாகப் பிரிக்கப்பட்டு, 2012ல் மறுபடி ஒன்றானது. ஆகவே, பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிப் படிக்க வைக்கும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பேர் ஒன்றுதான். ஆனா அந்த நான்கு மூலக் கல்விக்கூடங்கள் வேறு, இணைப்புக் கல்லூரிகள் வேறு. எந்தக் கல்லூரி என்று கேட்டுத் தெரிந்துகொண்டே சேர்க்க வேண்டும்.

வியாபாரத்தில் நாலு கடை சேர்ந்து ஒரே போர்டு மாட்டினால், முதல் போட்டவர் பேர் மறைந்துபோவது சகஜம். அழகப்பர் பேர் அவர் கல்லூரியில் நிலைத்திருக்கிறது. ராஜம் தம் பேரைக் கல்லூரிக்கு வைக்கவில்லை. உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி என்று எங்கள் சமண மரபு நால்வகைத் தானம் சொல்லும். அதில் கல்வித் தானம் செய்த இவ்விரு வணிகரையும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது நம் கடமையாகும்.